வாடகைக் கப்பலும் மூடி வச்ச டிரைவரும்

டேப் பேக்கப்னு சொன்னாலே சிரிக்கிறாங்க மக்கா. "க்ளவுட் காலத்துல இன்னும் கேசட்டா?"ன்னு. சிரிங்க. 2021-ல வந்த எல்டிஓ-9 டேப் ஒண்ணுல 18 டெராபைட் போகும். கரண்ட் இல்லாம பீரோவுல தூங்கும். நெட்வொர்க் வழியா வர்ற ரான்சம்வேர், பீரோவுல இருக்கிற டேப்பைத் தொட முடியாது. 30 வருஷம் தாங்கும்னு தயாரிக்கிறவங்களே சொல்றாங்க.

என் சண்டை டேப்போட இல்லை. அதை ஓட்டுற நிரல் இருக்கே, டிரைவர், அதை மூடி வச்சு விக்கிறவங்களோட. ஒரு கேள்வி கூடக் கேக்காம வாங்குறவங்களோடயும்தான்.

தூத்துக்குடியில ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், பேரு வேண்டாம். பழைய யூனிக்ஸ் பொட்டி, ஸ்கஸி கார்டு, அதுல டேட் டேப் டிரைவ். திடீர்னு மதர்போர்டு போயிடுச்சு. டேப் நல்லா இருக்கு, டேப் டிரைவும் நல்லா இருக்கு. ஆனா புதுப் பொட்டியில பழைய கார்டைச் சொருக இடமில்லை. புதுக் கார்டுக்கு அந்த யூனிக்ஸ்ல டிரைவர் இல்லை. விக்கிறவரு கூலா சொல்றார்: "அந்த மாடலே நிறுத்தியாச்சு சார், எல்லாம் புதுசா வாங்கிடுங்க." புதுசு வாங்கலாம். பழைய கணக்கை யார் படிச்சுக் குடுப்பா? கம்பெனிகள் சட்டம் 2013 எட்டு வருஷக் கணக்கை வச்சிருக்கச் சொல்லுது. டிரைவர் சிடிக்கு அவ்வளவு ஆயுசு உண்டா?

இத்தனைக்கும் டேப் டிரைவ் ஒண்ணும் ராக்கெட் கிடையாது. படி, எழுது, முன்னால ஓட்டு, பின்னால சுத்து... இதுக்கெல்லாம் ஸ்கஸியில பொதுக் கட்டளைகள் இருக்கு. அதனாலதான் லினக்ஸ்ல எஸ்டி-ன்னு ஒரே டிரைவர் டேட், டிஎல்டி, எல்டிஓ எல்லாத்தையும் ஓட்டுது. ஃப்ரீபிஎஸ்டியில எஸ்ஏ. பொது வழியில போனா யாருக்கும் தலைவலி இல்லை.

தனி வழியில போனவங்க கதை வேற. ஆன்ஸ்ட்ரீம்னு ஒரு கம்பெனி, பிலிப்ஸ்ல இருந்து பிரிஞ்சு வந்தது. விலை மலிவு, ஆனா அவங்க டேப் டிரைவ் பொது டிரைவரோட பேசாது. லினக்ஸ்காரங்க ஓஎஸ்எஸ்டி-ன்னு தனியா ஒண்ணு எழுத வேண்டி வந்தது. கம்பெனி திவாலாச்சு. வாங்கின டேப் மட்டும் வாங்கினவன் வீட்டுல.

இந்த ஊர்க்காரங்களுக்கு இந்தப் பாடம் புதுசா என்ன? வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்போ சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்தார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி அங்க போய் அழுத்தம் குடுத்தது, ஷா லைன் கப்பலைத் திருப்பி வாங்கிட்டாங்க. மனுஷன் அழுதுட்டு உக்காரலை. பங்கு திரட்டி காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலைச் சொந்தமா வாங்கிட்டு வந்தார். சோர்ஸ் இல்லாத டிரைவர் வாடகைக் கப்பல்தான். குடுத்தவன் நினைச்சா கரையில நிக்க வேண்டியதுதான். துறைமுகத்துக்கு அவர் பேரு வச்சா போதுமா?

"ஓப்பன் சோர்ஸ்ல மட்டும் என்ன வாழுதாம்? ஓஎஸ்எஸ்டியை 2019-ல லினக்ஸே தூக்கிடுச்சே"ன்னு பின்னூட்டத்துல ஒரு அனானி வருவார். வாங்க. தூக்கினது புதுக் கெர்னல்ல இருந்து. பழைய கெர்னல் சோர்ஸ் இன்னிக்கும் கிடைக்குது. அந்தக் காலத்துப் பொட்டி ஒண்ணைத் தேடிப் பிடிச்சா படிச்சிடலாம். கஷ்டம்தான், ஆனா வழி இருக்கு. மூடின டிரைவர்ல அந்த வழியே கிடையாது.

"சப்போர்ட் கான்ட்ராக்ட் போட்டிருக்கோமே"ம்பார் இன்னொருத்தர். எஸ்சிஓ யூனிக்ஸை நம்பி எத்தனை ஆபீஸ், எத்தனை கடை! அந்தக் கம்பெனி 2007-ல திவால் மனு போட்டுச்சு. கான்ட்ராக்ட் பேப்பரை டேப் டிரைவ்ல சொருகிப் படிக்க முடியுமா?

டெண்டர் எழுதுற, கொட்டேஷன் வாங்குற புண்ணியவான்களுக்கு நாலே கேள்வி:

1. இந்த டேப் டிரைவ் பொது டிரைவர்லயே ஓடுமா, தனி டிரைவர் வேணுமா?
2. ஸ்கஸி இல்ல எஸ்ஏஎஸ் கார்டுக்கு மெயின் கெர்னல்லயே டிரைவர் இருக்கா? பெரும்பாலும் மாட்டுறது இங்கதான்.
3. எழுதுறது டார், எல்டிஎஃப்எஸ் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச வடிவமா? டார்ங்கிற பேரே டேப்ல இருந்து வந்ததுதான். 1979 யூனிக்ஸ்லயே இருந்தது, இன்னிக்கும் இருக்கு.
4. வேற கம்பெனிப் பொட்டியில இதே டேப்பை மாட்டிப் படிச்சுக் காட்டுவீங்களா?

நாலாவது கேள்விக்கு முழிச்சா, பணத்தை எடுக்காதீங்க. இன்னொண்ணு, எல்டிஓ-7 வரைக்கும் ரெண்டு தலைமுறை பழைய டேப்பையும் படிக்கும். எல்டிஓ-8 ஒரே தலைமுறைதான். அப்கிரேடு பண்றப்போ பழைய டேப் டிரைவைக் காயலான் கடையில போட்டுடாதீங்க.

முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, கடைசியா நடந்தது 1961-ல, திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்குல ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கலாம், வெறும் சதையாவும் இருக்கலாம். அது சூதாட்டம்னு தெரிஞ்சே ஏலம் எடுத்தாங்க. நம்ம ஆபீஸ்கள்ல அதையே பேக்கப்னு பேரு வச்சு பீரோவுல அடுக்குறோம்.

டிஸ்கி: டேப் டிரைவ் விக்கிற நண்பர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். சோர்ஸ் அனுப்புங்க :-)