பெக்கேஜைக் கூட்டினால் பெக்கப் வேகமாகாது!

"வீட்டுக்குள்ள பத்து ஜிகாபிட்டா? அது பணக்கார வேலை சேர். எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டுப் பேசாம இருங்க."

வீட்டுச் சேர்வர் பற்றி நான் போட்ட சின்னப் பதிவின் கீழே வந்த கருத்துகளின் சாரம் இதுதான். சிலர் ஆலோசனையாகச் சொன்னார்கள், சிலர் கிண்டலாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். இன்டர்நெட் வேகம் வேறு, வீட்டுக்குள் ஒரு கணினிக்கும் இன்னொரு கணினிக்கும் இடையிலான வேகம் வேறு. மாதாந்தம் காசு கட்டி பெக்கேஜை எவ்வளவு கூட்டினாலும், உங்கள் மேசையிலிருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் சேர்வருக்கு ஒரு ஃபைல் போகும் வேகம் ஒரு துளியும் கூடாது. அந்த வேகத்தைத் தீர்மானிப்பது இடையில் இருக்கும் கேபிள், கார்ட், ரவுட்டர், டிஸ்க் இவைதான். இதற்கு மாதக் கட்டணம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இதை யாரும் விளம்பரம் செய்வதும் இல்லை.

இனி விசயத்துக்கு வருவோம். வேகம் ஏன் வேண்டும்? விளையாடுவதற்கா? படம் காட்டுவதற்கா? இல்லை. மெதுவான பெக்கப் என்பது எடுக்கப்படாத பெக்கப். அதற்காகத்தான்.

கணக்குப் பார்ப்போம். போனில் ஃபுல் எச்டியில் பதிவு செய்த 40 நிமிடப் பாடம் ஒன்று ஏறத்தாழ 5 ஜிபி வரும். அப்படி 20 பாடம் என்றால் 100 ஜிபி. இந்த 100 ஜிபியைப் பத்திரப்படுத்த எவ்வளவு நேரம்?

• அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் உள்ள இணைப்பில் கிளவுட்டுக்கு: 22 மணித்தியாலத்துக்கும் மேல்.
• 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள ரவுட்டர் வழியாக வீட்டுச் சேர்வருக்கு: இரண்டரை மணித்தியாலம்.
• ஒழுங்கான 1 ஜிகாபிட் இணைப்பில்: 15 நிமிடம்.
• 2.5 ஜிகாபிட்டில், டிஸ்க் ஈடுகொடுத்தால்: 6 நிமிடம்.
• 10 ஜிகாபிட்டில், இரண்டு பக்கமும் வேகமான எஸ்எஸ்டி இருந்தால்: 2 நிமிடம்.

இது எந்த நாட்டில் நடக்கிறது என்பதையும் யோசியுங்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. இப்படியான ஊரில் இரண்டரை மணித்தியாலக் கொப்பி இடையில் அறுந்து போவது புதினமில்லை. சின்ன யூபிஎஸ் ஒன்று பத்து நிமிடம் தாங்கும். பெக்கப் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இதை ஆடம்பரம் என்று சொல்பவர்கள், பென்ட்ரைவ் பழுதாகி மூன்று தவணை வினாத்தாள்களையும் இழந்த ஓர் ஆசிரியரின் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"கிளவுட் இருக்கே?" இருக்கிறது. ஆனால் அது வானத்தில் மிதக்கும் ஒன்றல்ல. இன்னொருவருடைய கட்டடத்தில் இருக்கும் இன்னொருவருடைய கணினி. விதிகளை மாற்றுவதும் அவர்தான். கூகிள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகத் தந்தது. பின்னர் 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றது. நம் நாட்டிலேயே 2023 ஆகஸ்டில் அரச கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு பெக்கப் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால், உங்கள் பிள்ளைகளின் படங்களுக்கும் உம்மா வாப்பாவின் குரல் பதிவுகளுக்கும் யார் பொறுப்பு?

கிளவுட்டைக் கைவிடச் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பெறுபேற்றுச் சான்றிதழ் இவற்றின் ஸ்கேன் பிரதிகளை அங்கேயும் வையுங்கள், பாஸ்வேர்ட் போட்டு வையுங்கள். 15 ஜிபி அதற்குப் போதும். நூற்றுக்கணக்கான ஜிபியை அங்கே ஏற்றுவேன் என்பதுதான் நடக்காத காரியம்.

சரி, செலவு? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கடையில் ஒரு நண்பருக்கு "வேகம் காணாது" என்று சொல்லி புது ரவுட்டர், வைஃபை பூஸ்டர், பெரிய பெக்கேஜ் மூன்றையும் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவருடைய பிரச்சினை என்ன தெரியுமா? கேபிளுக்குள் ஒரு வயர் அறுந்திருந்தது. அவ்வளவுதான்.

காசு செலவழிக்க முன்னர் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1) இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். விண்டோஸில் நெட்வேர்க் ஸ்டேட்டஸைத் திறந்தால் 100 எம்பிபிஎஸ்ஸா, 1 ஜிபிபிஎஸ்ஸா என்று தெரியும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு கேபிளில் 4 வயர் போதும், ஜிகாபிட்டுக்கு 8 வயரும் வேண்டும். ஜிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படும் மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வழமைபோல வேலை செய்யும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சில ரவுட்டர்களின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். அப்படியென்றால் இரண்டு கணினிகளையும் ஒரே கேபிளால் நேரடியாக இணையுங்கள். ஜிகாபிட் போர்ட்டுகளுக்கு இப்போது குரொஸ் கேபிள் தேவையில்லை. செலவு: ஒரு கேபிள்.

2) கேபிள் வாங்கும்போது செம்பு என்று உறுதிப்படுத்தி வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசிய மலிவுக் கேபிள்களும் "கெட் 6" என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன.

3) சேர்வரில் இருப்பது பழைய சுழலும் ஹாட் டிஸ்க் ஒன்று மட்டுமா? அது வினாடிக்கு 150 முதல் 250 எம்பி வரைதான் தரும். உங்களுக்கு 10 ஜிகாபிட் வேண்டாம். 2.5 ஜிகாபிட் கார்டோ யூஎஸ்பி அடெப்டரோ தாராளம். நல்ல கெட் 5இ கேபிளிலேயே ஓடும். யூஎஸ்பி என்றால் 3.0 போர்ட்டில் குத்துங்கள். இதற்கு மேல் செலவழித்தால் அதுதான் வீண்விரயம்.

4) இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தால் மட்டும் 10 ஜிகாபிட். புதுச் சாமான் தேடாதீர்கள். வெளிநாட்டு டேட்டா சென்டர்களில் கழற்றிய மெலனொக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3, இன்டெல் எக்ஸ்520 போன்ற கார்டுகள் பாவித்த நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. கார்ட் இரண்டு, நடுவில் இரு முனையிலும் எஸ்எஃப்பி பிளஸ் பொருத்திய டிஏசி கேபிள் ஒன்று. ஸ்விட்ச் தேவையில்லை. இந்த வேலையில் விலை கூடிய சாமான் ஸ்விட்ச்தான், இரண்டே கணினி என்றால் அது எதற்கு?

கார்ட் வாங்க முன்னர் மதர்போர்ட்டில் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் காலியாக இருக்கிறதா, உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் இந்த இரண்டு கார்டுக்கும் டிரைவர் ஏற்கெனவே உள்ளது. டிஏசி கேபிள் சில மீற்றர் தூரத்துக்குத்தான். அதைவிடத் தூரமென்றால் பைபர் போடுங்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு என்றாலும் பைபர்தான், இடி மின்னல் நேரத்தில் செம்புக் கேபிள் இரண்டு பக்க மெசினையும் கொண்டுபோகும்.

5) பொருத்திய பிறகு ஒரு பக்கத்துக்கு 10.10.10.1, மறுபக்கத்துக்கு 10.10.10.2 என்று இலக்கம் கொடுங்கள். மாஸ்க் 255.255.255.0. கேட்வே இடத்தை வெறுமையாக விடுங்கள், இன்டர்நெட் பழைய வழியிலேயே போகட்டும். சேர்வரின் ஃபோல்டரை இந்தப் புது இலக்கத்தால் திறவுங்கள். ஐபெர்ஃப் 3 என்ற இலவச மென்பொருளால் வேகத்தை அளந்து பாருங்கள். அதில் வேகம் வந்து, ஃபைல் மட்டும் மெதுவாகப் போனால் குறை டிஸ்கில், கேபிளில் இல்லை.

"பாவித்த சாமானுக்கு உத்தரவாதம் இல்லையே?" உண்மை. கார்ட் செத்தால் இணைப்புத்தான் போகும், ஃபைல் போகாது. பழைய ஜிகாபிட் போர்ட் அங்கேயே இருக்கிறது.

"வீடு எரிந்தால், வெள்ளம் வந்தால்?" நல்ல கேள்வி. ஒரே வீட்டில் இரண்டு பிரதி போதாது. மாதம் ஒருமுறை ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்கில் எடுத்து, மேட்டுநிலத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்கை ரான்சம்வெயாரும் தொடாது.

கடைசியாக ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. நம் பிள்ளைகள் பஸ், ஸ்டார், ரிங் என்று அழகாகப் படம் கீறிப் புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் ஒரு கேபிளுக்குத் தலை அடிக்கத் தெரியாமல் பாடசாலையை விட்டு வெளியேறுகிறார்கள். எங்கே தடை இருக்கிறது என்று அளந்து பார்க்கத் தெரியாதவன் கடைக்காரன் சொல்வதைத்தான் வாங்குவான். ஆய்வுகூடத்தில் இரண்டு பழைய கணினியையும் ஒரு கேபிளையும் கொடுங்கள். ஒரு பாடவேளையில் புத்தகத்தின் பத்துப் பக்கம் விளங்கிவிடும்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பெரிய ஃபைலை இன்னொரு கணினிக்குக் கொப்பி பண்ணி, வினாடிக்கு எத்தனை எம்பி என்று பாருங்கள். 11 அளவில் நின்றால் முதல் இரண்டு இலக்கத்தையும் மீண்டும் வாசியுங்கள். 110 வந்தால் உங்கள் ஜிகாபிட் சரியாக ஓடுகிறது, அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம். வந்த எண்ணைக் கீழே எழுதுங்கள், எங்கே தடை என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

கிண்டல் செய்தவர்களும் எழுதலாம். உங்கள் எண்ணையும் பார்ப்போம்.