ஆறரை மணி கிக்-ஆஃப்

முதலில் ஒரு வாக்குமூலம். '21 நாளில் புதிய பழக்கம்... இதோ 7 வழிகள்!' என்று ஒரு கட்டுரையைப் போன வருஷமோ அதற்கு முந்தைய வருஷமோ நீங்கள் எங்காவது படித்திருந்தால், அதை எழுதியது நானாக இருக்க வாய்ப்பு உண்டு. டிஜிட்டல் டெஸ்க்கில் ஜனவரி பிறந்தால் அந்தக் கட்டுரையும் பிறந்துவிடும். நான் இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் எழுதி முடித்த நேரம் இரவு ஒரு மணி. 'அதிகாலையில் எழுங்கள்' என்று டைப் செய்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு எழுந்தவள் நான்.

முயற்சி செய்யாமல் இல்லை. தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ஆப் போட்டேன். அது ஒரு நாளைக்கு எட்டு முறை அலறியது. ஒன்பதாவது நாள் தூக்கிவிட்டேன். வாக்கிங் ஷூ வாங்கினேன். அதை அப்பா ரேஷன் கடைக்குப் போட்டுக்கொண்டு போகிறார். டைரியில் ஜனவரி நான்காம் தேதி வரை என் எண்ணங்கள் இருக்கின்றன, அதற்கப்புறம் பால் கணக்கு.

இப்போது காலை ஆறு மணிக்கு எழுகிறேன். தினமும் இல்லை, வாரத்தில் ஐந்து நாள். இதைச் செய்ய வைத்தது எந்த ஏழு வழிகளும் இல்லை. வியட்நாம் நாட்டுப் பெண் ஒருத்தி!

2023, ஜூலை 22, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்திய மகளிர் உலகக் கோப்பை தொடங்கி மூன்றாவது நாள். ஸ்போர்ட்ஸ் பார்க்கும் அண்ணன் லீவு. "ஏதாவது நாலு வரி போட்டுடும்மா, யாரும் படிக்க மாட்டாங்க, ஆனா இருக்கணும்" என்று சீஃப் சொல்லிவிட்டார். அமெரிக்காவும் வியட்நாமும் ஆக்லாந்தில் ஆடுகின்றன. அங்கே பகல் ஒரு மணி, நமக்குக் காலை ஆறரை. அரைத்தூக்கத்தில் போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அமெரிக்கா அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்ற அணி. வியட்நாமுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். பத்துப் பன்னிரண்டு கோல் விழும், முதல் பாதியோடு செய்தியை எழுதி முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. இடைவேளைக்குச் சற்று முன் அமெரிக்காவுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் அலெக்ஸ் மார்கன். எதிரே கோல்கீப்பர் த்ரான் தி கிம் தான். அவர் அதைத் தடுத்தார்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று கோல் வித்தியாசத்தில் வியட்நாம் தோற்றதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. நாலு வரி கேட்ட இடத்தில் நானூறு வார்த்தை எழுதிக் கொடுத்தேன். சீஃப் முந்நூற்று அறுபதை வெட்டினார்.

அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் ஆட்ட அட்டவணை ஒட்டியிருந்தது. காலையில் எழுந்து என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் அதுவரை பதில் இருந்ததில்லை. 'சீக்கிரம் எழுந்தால் நல்லது' என்பதற்காக யார் எழுவார்கள்? ஆறரைக்கு நெதர்லாந்து ஆட்டம் என்றால் எழலாம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஆஸ்திரேலியா என்றால் அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். வேலை முடிய வேண்டுமானால் காலையிலேயே தொடங்க வேண்டும். ஒன்றைப் பிடித்து இழுத்ததில் மற்றதெல்லாம் தானாகச் சரிந்து வந்தன.

இரண்டாவது வாரம் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் கீரைக்கட்டு. அம்மாவுக்கு ஆஃப்சைடு புரியாது, இன்றைக்கும் புரியாது. ஆனால், அவர் கேட்கிற கேள்விகள் எந்த கமென்டேட்டருக்கும் தோன்றாதவை.

"இந்த ஜமைக்கா பொண்ணுங்களுக்கு யாருடி செலவு பண்றது?"

தேடிப் பார்த்தேன். அந்த அணியில் ஆடிய ஒருவரின் அம்மாதான் இணையத்தில் நிதி திரட்டியிருக்கிறார். அப்படி வந்த அணி பிரேசிலைக் கோலே போட விடாமல் நிறுத்தி, தொடரை விட்டே வெளியேற்றியது. ஆறு உலகக் கோப்பை ஆடிய மார்த்தாவுக்கு அதுதான் கடைசி உலகக் கோப்பை ஆட்டம். மார்த்தாவுக்காக நான் வருத்தப்பட, அம்மா ஜமைக்காவுக்குக் கைதட்டினார். இரண்டு பேர் சேர்ந்து ஆட்டம் பார்ப்பதில் இது ஒரு சௌகரியம்.

"இதுங்கள்ல யாருக்காவது கல்யாணம் ஆகியிருக்கா, குழந்தை குட்டி இருக்கா?"

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஆஸ்திரேலியாவின் காத்ரினா கோரி, 2021-ல் மகளைப் பெற்றவர். செயற்கைக் கருத்தரிப்பு முறையில், தனியாகவே தாயாக முடிவெடுத்தவர். ஆட்டம் முடிந்ததும் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நிற்கும் படத்தைக் காட்டினேன். அம்மா நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "குழந்தைக்குக் காதுல சத்தம் போகாதா" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பு வரை நானும் பந்து உதைத்தவள்தான். ரைட் விங். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பாதி கருவேல முள், மீதிதான் புல். வயதுக்கு வந்த பிறகு ஒரு மாதம் விடுமுறை. அது முடிந்து போனபோது, பி.டி. சாரிடம் 'இனிமேல் விளையாட்டு வேண்டாம்' என்று ஒரு கடிதம் போயிருந்தது. எழுதியது அப்பா, எழுதச் சொன்னது அம்மா. நான் அழுததாக நினைவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்பதால், அழ வேண்டிய விஷயம் என்றே தெரியவில்லை.

உலகக் கோப்பை நடந்த அந்த ஆகஸ்ட்டில் ஒரு நாள், இங்கிலாந்து கதையை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலில் 'டிக், கெர் லேடீஸ்' என்ற தொழிற்சாலைப் பெண்களின் அணி ஆடியபோது 53,000 பேர் வந்தார்கள். சரியாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பரில், பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு இல்லை என்று சொல்லி, தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று அந்த நாட்டுக் கால்பந்து சங்கம் தடை போட்டது. அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது வருஷம் நீடித்தது. அந்த நாட்டின் அணிதான் இப்போது சிட்னியில் இறுதிப்போட்டிக்கு வந்திருக்கிறது என்றேன்.

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, "அப்ப, நான் மட்டும் சொல்லலை" என்றார்.

அவ்வளவுதான். நானும் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு மதியம் குழம்பில் உப்பு இல்லை. சேர்ந்து ஆட்டம் பார்க்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை, இறுதிப்போட்டி. ஸ்பெயின் 1-0 என இங்கிலாந்தை வென்றது. கோல் அடித்த ஓல்கா கார்மோனாவிடம், அவருடைய அப்பா இறந்துபோன செய்தியை ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அந்தச் செய்தியை நான்தான் டெஸ்க்கில் எழுதினேன். இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம்? சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே வாரத்தில் பழையபடி பத்து மணி. ஃபிரிட்ஜில் அட்டவணை காலியாகிவிட்டது, எழுவதற்குக் காரணமும் காலி. அப்போதுதான் முதன்முறையாக, நான் மூன்று முறை எழுதிய '21 நாள்' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். எழுதுவதற்கு முன்னால் தேடியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷனுக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். 'குறைந்தது' என்ற வார்த்தை வழியில் எங்கோ விழுந்துவிட, மீதி நம் ஊர் வாட்ஸ்அப் வரை வந்து சேர்ந்தது. பிற்பாடு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை வைத்து உண்மையிலேயே கணக்குப் பார்த்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாற, நடுவாக எடுத்துக்கொண்டால் 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமாம். சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை என்பது. உலகக் கோப்பை நடந்தது 32 நாள். எனக்குப் பாதிக் கிணறுகூட ஆகவில்லை.

ஆக, மீதி நாளுக்கு ஆட்டம் தேட வேண்டியிருந்தது. ஆண்கள் கால்பந்துபோல சேனலைத் திருப்பினால் வந்துவிடாது. எந்த நாடு எப்போது ஆடுகிறது, எதில் காட்டுகிறார்கள் என்று துப்பறிய வேண்டும். அதோடு ஐரோப்பிய ஆட்டங்கள் வேறு சோதனை. 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் நடந்த யூரோவில் இரவு ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. கண் விழித்துப் பார்த்தால் சேர்த்து வைத்த காலைகள் எல்லாம் போச்சு. அதனால் ஒரு விதி போட்டேன். இரவில் தூங்கிவிட வேண்டும். காலையில் ஸ்கோர் தெரியாமல் முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். செய்தி தருவதே வேலையாக இருக்கும் ஒருத்தி செய்தி கண்ணில் படாமல் ஓடி ஒளிவதை நினைத்துப் பாருங்கள். எழுந்ததும் போனைத் தொடுவதில்லை, லேப்டாப்பில் நேராக ஆட்டம். காலையில் போனை நோண்டாமல் இருப்பது எப்படி என்றும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். இந்த வழி அதில் இல்லை.

இன்னொரு பழக்கமும் மைதானத்திலிருந்துதான் வந்தது. 2023 உலகக் கோப்பையில் லியா வில்லியம்சன், பெத் மீட், விவியன் மீடமா ஆகியோர் ஆடவே இல்லை. மூவருக்கும் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இந்தக் காயம் அதிகம். அதைப் பற்றிப் படிக்கும்போது 'ஃபிஃபா 11 பிளஸ்' என்ற வார்ம்-அப் கண்ணில் பட்டது. மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, பிளாங்க், ஸ்குவாட் என்று 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம். கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் ஏறத்தாழ 1,900 பதின்வயதுப் பெண்களிடம் இதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். செய்த அணிகளில் பெரிய காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன. அதிலும் அடிக்கடி செய்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்புவலியோடு எழும் எனக்கு இது போதும் என்று தோன்றியது. மொட்டை மாடியில் ஒற்றைக்காலில் நிற்கிறேன். எதிர்வீட்டுத் தாத்தா முதலில் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கிறார்.

போன மார்ச்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் டர்ஃபுக்கும் போகிறேன். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். ஒரு நர்ஸ், இரண்டு ஐ.டி. பெண்கள், ஒரு டீச்சர், கல்லூரி மாணவிகள். எனக்கு மூச்சு வாங்குகிறது, பந்து கிடைத்தால் பதற்றத்தில் எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். ரைட் விங்தான் இன்னமும்.

யூரோ நடந்துகொண்டிருந்த அதே ஜூலை, 5-ம் தேதி. தாய்லாந்தின் சியாங் மாயில் ஆசியக் கோப்பைக்கான கடைசித் தகுதி ஆட்டம். மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0 என்று அடித்துவிட்டு வந்திருந்தது இந்தியா. எதிரே தாய்லாந்தும் மூன்றையும் வென்ற அணி. சொந்த மைதானம், இரண்டு உலகக் கோப்பை ஆடிய அனுபவம், தரவரிசையில் 46. நாம் 70. அன்றைக்கு எனக்கு ஷிஃப்ட். அம்மா வீட்டில். முதல் பாதியில் சங்கீதா பாஸ்ஃபோர் கோல் அடித்ததும் போன். இடைவேளை முடிந்த கையோடு தாய்லாந்து சமன் செய்ததும் போன். 74-வது நிமிடம் மறுபடி சங்கீதா. போனில் அம்மாவின் சத்தம் சீஃப் மேஜை வரை கேட்டது.

இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2022 ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. சீன தைபேயோடு ஆட்டம், நவி மும்பையில் மைதானம் தயார். அணியில் பலருக்குக் கொரோனா. களமிறக்கக் குறைந்தபட்சம் தேவையான 13 பேர்கூட இல்லை. ஆட்டமே நடக்கவில்லை, தொடரிலிருந்தே இந்தியா வெளியே. சொந்த மண்ணில் கதவு சாத்தப்பட்ட அணி, தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இதுதான் முதல் முறை. நம் ஊர்ப் பெண்களும் சும்மா இல்லை. 2018-ல் தமிழ்நாடு அணி மணிப்பூரை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது. மறு வருஷம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கையே வென்றது. இரண்டும் நடந்தபோது எனக்குத் தெரியாது. பத்திரிகை டிப்ளமோ படிக்க நினைத்துக்கொண்டிருந்த காலம், அப்போதும் தெரியாது!

2026 மார்ச் 1 முதல் 21 வரை ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை. இந்தியாவின் பிரிவில் ஜப்பான் இருக்கிறது, அன்று ஆட முடியாமல் போன அதே சீன தைபே இருக்கிறது. முதல் ஆட்டம் வியட்நாமோடு.

ஃபிரிட்ஜில் இப்போதே அட்டவணை ஏறிவிட்டது. இந்த முறை எழுதியது அம்மா; ஆட்ட நேரத்தை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில். எழுதிவிட்டு வந்து கேட்டார்:

"ஏண்டி, அன்னிக்கு பெனால்டி தடுத்தாளே ஒருத்தி... நம்ம பொண்ணுங்க அடிச்சாலும் பிடிச்சிடுவாளா?"