பெயர் மயக்கமும் சிறுநீரகக் கேடும்

பொருளுக்குச் செம்மையாகப் பெயரிடுதல் புலவர்தம் பொழுதுபோக்கு என்று எள்ளுவார் உளர். பெயர் தவறினாற் பொருள் தவறும். அப்பொருள் மருந்தாயின், உயிரே தவறும். இவ்வுண்மைக்குப் பெல்சிய நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் தம் சிறுநீரகங்களையே விலையாகக் கொடுத்தனர்.

அந்நாட்டுத் தலைநகராகிய பிரசெல்சில் உடல் மெலிவதற்கு மருத்துவம் செய்யும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்து வந்த மருந்துக் கலவையில், 1990ஆம் ஆண்டு, சீன மூலிகைத் தூள்கள் இரண்டு புதியனவாகச் சேர்க்கப்பட்டன. ஈராண்டு கழியுமுன், அதுவரை சிறுநீரக நோயே அறியாத இளம்பெண்கள் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்த நிலையில் மருத்துவமனை புகுந்தனர். அவருள் ஒன்பதின்மர் நிலையை 1993இல் மருத்துவர்கள் 'இலான்செட்டு' இதழில் வெளியிட்டனர். பின்னர் அத்தொகை நூற்றைக் கடந்தது.

கேடு எங்கிருந்து வந்தது? பெயரிலிருந்தே வந்தது. சீனத்தில் 'பாங்சி' என்னும் பொதுப்பெயரால் வழங்கும் மூலிகைகள் பலவுள. 'ஆன் பாங்சி' என்பது ஒன்று. 'குவாங் பாங்சி' என்பது மற்றொன்று. வேண்டியது முன்னது, வந்து சேர்ந்தது பின்னது. பின்னது அரிசுட்டோலோக்கியா என்னும் செடியினத்தைச் சார்ந்தது. அதன்கண் உள்ள அரிசுட்டோலோக்கிய அமிலமே நஞ்சு என்பது 1994இல் தெளிவாயிற்று. அந்நஞ்சு சிறுநீரகத்தின் நுண்குழல்களைச் சிதைத்து, அவ்விடத்தைத் தழும்பாக்கி, மருந்தை நிறுத்திய பின்னும் அழிவு தொடருமாறு செய்கின்றது. தொடக்கத்தில் வலியில்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. குருதிச்சோகை தோன்றி ஆய்ந்து பார்க்குங்கால் காலம் கடந்து விடுகின்றது. அம்மட்டோ? சிறுநீரகம் இழந்த அம்மக்களுள் 39 பேர்க்கு எஞ்சிய சிறுநீரகங்களும் சிறுநீர்க்குழல்களும் அகற்றப்பட்டு ஆராயப்பட்டன. 18 பேரிடம் புற்றுநோய் இருந்தமை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இஃது எங்கோ நடந்தது, தமிழர்க்கு என்ன என்று வாளாவிருத்தல் ஒண்ணாது. அவ்வினச் செடிகள் இரண்டு தமிழ் மண்ணிலேயே வளர்கின்றன. வயிற்றுப் புழுவிற்கும் தோல் நோய்க்கும் வழங்கும் ஆடுதின்னாப்பாளை ஒன்று. பாம்புக்கடிக்கு வழங்கிய பெருமருந்துக்கொடி மற்றொன்று. இவ்விரண்டினும் அவ்வமிலம் உண்டு. பெருமருந்தை ஈசுவரமூலி என்று வடசொல்லால் மூடினர் ஒருசாரார். கருடக்கொடி என்றனர் வேறொருசாரார். ஆகாசகருடன் என்பதோ இதனோடு தொடர்பே இல்லாத வேறொரு கிழங்குக் கொடி. பெயரை மட்டும் நம்பி மூலிகைக் கடையில் வாங்குவான் ஒருவன், ஒன்றற்கு மற்றொன்றைப் பெறுதல் எத்துணை எளிது! பிரசெல்சில் நிகழ்ந்த மயக்கத்திற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

தமிழ்ப்பெயர் வைத்த அளவில் மருந்து தூயதாகி விடும் என்று கருதுவதும் பேதைமையே. ஆடும் தின்னாத பாளை என்று எச்சரித்துப் பெயரிட்டான் பழந்தமிழன். ஆனால் இருமலைத் தீர்க்கும் ஆடாதோடையையும் ஆடு தொடுவதில்லை. எனவே பெயர் ஐயத்தை எழுப்பும்; முடிவை ஆய்வே கூறல் வேண்டும்.

"ஆங்கில மருந்துகள் மட்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லையா? சித்த மருத்துவத்தை ஏன் இழித்துரைக்க வேண்டும்?" என்று உணர்ச்சி வயப்பட்ட அன்பர் வினவுவர். கெடுக்கவே செய்தன. 1887இல் மருத்துவத்திற்கு வந்த பெனாசிட்டின் என்னும் வலிநீக்கி எண்ணற்றோர் சிறுநீரகத்தைச் சிதைத்தது. ஆயினும் கெட்டவர்களை அவர்கள் எண்ணினர், ஏட்டில் எழுதினர், அமெரிக்கா 1983இல் அம்மருந்தைச் சந்தையினின்றே நீக்கியது. சீன மருத்துவத்தைப் போற்றும் தைவானும், தன் மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு இவ்வகை மருந்து எழுதித் தரப்பட்டிருந்த நிலையிலும், 2003இல் அம்மூலிகைகளைத் தடை செய்தது. அதனாற் சீன மருத்துவம் அழிந்து விடவில்லை. குறையைக் களைந்தமையின் அதன்பால் நம்பிக்கையே வளர இடம் உண்டாயிற்று. குறையை மறைப்பது பற்று அன்று. தாய்க்கு நோய் உண்டென்று சொல்ல நாணி அவளைச் சாகவிடும் மகனின் அறியாமை அது.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். அந்நான்கனுள் மருந்து ஆள்மாறி வந்ததெனில், ஏனை மூன்றும் என் செய்யும்?

ஆகலின் செய்யத்தக்கன சில உள. விற்கப்படும் ஒவ்வொரு மூலிகை மருந்தின் மேலும் அதன்கண் அடங்கிய செடிகளின் பெயர், பயன்படுத்திய உறுப்பு, அளவு ஆகியன தமிழில் தெளிவாக அச்சிடப்படல் வேண்டும். நிலைத்திணை நூலார் உலகெங்கும் வழங்கும் பெயரும் உடன் இருத்தல் வேண்டும். அதனால் தமிழுக்கு இழுக்கில்லை. மருந்துக் கூடத்திற்கு வரும் மூலிகையில் அரிசுட்டோலோக்கிய அமிலம் உண்டா என்று ஆய்ந்து பார்த்தலை அரசு கட்டாயமாக்குதல் வேண்டும். நெடுநாள் மருந்துண்பவர், எம்மருத்துவ முறையைச் சார்ந்தவராயினும், குருதியில் கிரியாட்டினின் அளவை அவ்வப்போது பார்த்தல் வேண்டும். "இம்மருந்தில் என்ன இருக்கிறது?" என்று வினவும் நோயாளியை எந்த மருத்துவரும் சினத்தல் கூடாது.

சொல்லைத் தூய்மை செய்யப் புறப்பட்ட இயக்கத்திற்குப் பெயர் மயக்கத்தைத் தீர்த்தலும் கடமையே. ஊர்தோறும் வழங்கும் மூலிகைப் பெயர்களைத் திரட்டி, ஒரு செடிக்கு ஒரு பெயர் என வரையறுத்து, படத்தோடு வெளியிடுவார் எவரோ, அவரே தமிழுக்கும் தமிழர் உயிர்க்கும் ஒருங்கே தொண்டு செய்தவர் ஆவார். தமிழ்ப்புலவரும் சித்த மருத்துவரும் நிலைத்திணை அறிஞரும் ஓரவையில் அமர்ந்தால் முடியாத செயல் அன்று இது. அமர்வார்களா?