நீலம் கண்ணுக்குத் தெரியாது சார்!

2003 ஜூலையில் டெல்லி-லாகூர் பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியபோது, இதயத்தில் ஓட்டைகளோடு பிறந்த இரண்டரை வயது பாகிஸ்தான் குழந்தை அதில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பொம்மசந்திரா நாராயண ஹிருதயாலயாவில் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக ஊர் திரும்பியது. பேப்பரில் எல்லாம் அதே பேச்சு. அந்த ஆஸ்பத்திரி எங்கே? ஓசூரில் பஸ் ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். லாகூர் குழந்தை போய்ச் சேர்ந்த இடத்துக்கு நம்ம அஞ்செட்டி குழந்தை போய்ச் சேருமா?

"அதான் காப்பீட்டு அட்டை இருக்கே!" என்பீர்கள். இருக்கிறது. 2008ல் சிறார் இருதயத் திட்டம், 2009ல் கலைஞர் காப்பீடு, 2012லிருந்து முதலமைச்சர் காப்பீடு. நல்ல திட்டங்கள்தான் (யார் கொண்டு வந்தது என்று சண்டை போட வேறு ஆள் இருக்கிறார்கள்). ஆனால் எல்லாமே நோய் இன்னதென்று தெரிந்த பிறகு பணம் கொடுப்பவை. கண்டுபிடிப்பது யார்?

பெருந்தமனி இடமாற்றம் என்று ஒரு கோளாறு. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வரும். இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறி இருக்கும். நுரையீரலுக்குப் போன ரத்தம் திரும்ப நுரையீரலுக்கே, உடம்புக்குப் போனது உடம்புக்கே. கருவில் திறந்திருந்த ஒரு சின்னக் குழாயும் ஒரு துளையும் இருக்கும்வரைதான் இரண்டும் கொஞ்சம் கலக்கும். அந்தக் குழாய் மூடுவது பிறந்த ஓரிரு நாளில். அதாவது தாயும் பிள்ளையும் ஆட்டோவில் வீடு திரும்பும் நேரத்தில்! சும்மா விட்டால் பாதிக் குழந்தைகள் ஒரு மாதம் தாண்டாது. குழாயைத் திறந்து வைக்க புரோஸ்டாகிளாண்டின் மருந்து இருக்கிறது. 1975ல் பிரேசிலில் ஜாடேன் செய்து காட்டிய ஆபரேஷனை முதல் சில வாரங்களுக்குள் செய்தால் பெரும்பாலானவை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகின்றன.

"நீலமாக இருந்தால் தெரியாதா?" தெரியாது சார். ஆக்சிஜன் அளவு எண்பது சொச்சத்துக்கு இறங்கும்வரை பழகிய டாக்டர் கண்ணே ஏமாறும். நம் நிறத்தில் இன்னும் கஷ்டம். குழந்தை பால் குடிக்கத் திணறும்போது, "கிரகணத்துல வெளிய வந்தியா?" என்று பெற்றவளைக் குடைவார்கள். (சொந்தத்தில் கட்டினால் பிறவி இதயக் கோளாறுக்கு வாய்ப்பு கூடும். அக்கா மகளைக் கட்டி வைத்த பெரியவர்களை மட்டும் யாரும் கேட்பதில்லை!)

கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினோமே, அதே கருவிதான். பச்சிளங்குழந்தைக்கான சென்சார் தனி. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் வைக்க வேண்டும். 95க்குக் குறைந்தால் திரும்பப் பார்க்க வேண்டும், 90க்குக் கீழே என்றால் உடனே எக்கோ. ஐந்து நிமிஷ வேலை. எல்லாக் கோளாறையும் பிடிக்காது, ஆனால் இதைப் பிடிக்கும். அமெரிக்கா 2011லேயே பரிந்துரைத்துவிட்டது. பக்கத்துக் கேரளா 2017ல் ஹிருதயம் திட்டத்தைத் தொடங்கியது.

நம்மிடம் 2013லிருந்து சிறார் நலத் திட்ட வேன் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறது. சின்ன ஓட்டையோடு வளரும் குழந்தைக்கு உபயோகம்தான். இந்தக் குழந்தை அதுவரை காத்திருக்குமா?

சிப்காட் தொழிலாளி வீட்டில் பேசுவது தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, ஒரியாவோ, இந்தச் சோதனைக்கு மொழியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியோ தனியார் நர்சிங் ஹோமோ, அந்த இரண்டு எண்களையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாமல் தாயையும் பிள்ளையையும் அனுப்பக் கூடாது என்று அரசு உத்தரவு போடட்டும். அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது அந்தச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.