இருபது பேர் பதின்மூன்று ஆனால்: குழு குறையும்போது உணவக முன்பதிவு குறித்த நிலைப்பாடு

விடுமுறைக்கு வரும் குழு, சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்த எண்ணிக்கையிலிருந்து சில பேர் குறைந்து வந்தால், முன்பதிவு முறிந்துவிட்டதாக உணவகம் கொள்ளக் கூடாது. வந்தவர்களுக்கு இடமும் சாப்பாடும் சொன்ன விலைக்கே கிடைக்க வேண்டும். வராதவர்களுக்காக ஏதாவது கேட்பதென்றால், அவர்களுக்கென்றே வாங்கி வேறு எவருக்கும் விற்க முடியாமற்போன பொருளின் அடக்கவிலையை மட்டுமே கேட்கலாம். முற்பணத்தை முழுதாக வைத்துக்கொள்வது நியாயமாகாது. பாலையூற்றிலும் திருகோணமலைத் துறைமுகச் சூழலிலும் சாப்பாட்டுக் கடையும் விருந்தினர் விடுதியும் நடத்துவோரின் சங்கம் இந்த முடிவுக்கு வந்திருக்கிறது. அதற்கான காரணங்களையும் நடைமுறையையும் இந்த அறிக்கை விளக்குகிறது.

கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் வாகனங்கள் சீனக்குடாவைத் தாண்டித் திருகோணமலை நகருக்குள் நுழையும் பாதையில் பாலையூற்று இருக்கிறது. ஏறக்குறைய 260 கிலோமீற்றர் ஓடி வந்த வேன் முதலில் தேடுவது சாப்பாட்டைத்தான். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு என்று ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வருவார்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் இந்த வரவு உச்சத்துக்குப் போகும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து நாடுகளிலிருந்து பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வருவோர், ஊரிலுள்ள சொந்தங்களையும் சேர்த்துக்கொண்டு மூன்று நான்கு வீட்டாராகப் புறப்படுவது வழக்கம்.

அப்படிப்பட்ட கூட்டம் குறையாமல் வந்தால்தான் வியப்பு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாயும் தங்கிவிடுவார். ஒருவருக்கு லீவு கிடைக்காது. ஊரில் ஒரு செத்தவீடு என்றால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். விடியற்காலையில் திமிங்கிலம் பார்க்கப் படகேறியவர்களில் இரண்டு மூன்று பேர் வாந்தியெடுத்து, மத்தியானச் சாப்பாட்டை நினைக்கவே முடியாமல் அறையில் படுத்துவிடுவார்கள். இவற்றில் எதையும் ஏமாற்று என்று சொல்ல முடியாது.

நாடு முழுவதும் பயணமே குறைந்துபோன காலங்களையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் கிழக்கின் பருவம் தொடங்கும் வேளையில் நடந்தன. 2018 மே மாதத்தில் 129,466 வெளிநாட்டுப் பயணிகள் வந்த இலங்கைக்கு 2019 மே மாதத்தில் வந்தவர்கள் 37,802 பேர். 2022இல் வந்த நெருக்கடி வேறு விதமானது. ஜூன் 27 முதல் எரிபொருள் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வேனுக்கும் 20 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வேன் அந்த 20 லீற்றரில் கொழும்பிலிருந்து இங்கே ஒருவழி வருவதற்கே போதாது. இரண்டு வேனில் வரவிருந்த குடும்பம் எரிபொருளைச் சேர்த்து ஒரே வேனில் வந்தால், வராத வேனுக்காக அவர்களிடம் தண்டம் கேட்பது எந்த வகையில் நியாயம்?

மறுபக்கத்தில் அடுப்படி இருக்கிறது. அங்கே ஏற்படும் நட்டமும் உண்மையானது. ஆனால் எல்லாப் பொருளிலும் அது ஒரே அளவில் ஏற்படுவதில்லை. அரிசியும் பருப்பும் மூட்டையிலேயே இருக்கும்; நாளைக்கு உதவும். புட்டும் இடியப்பமும் ஆட்கள் வந்து இருந்த பிறகே அவிக்கப்படுகின்றன. கொத்து ரொட்டியும் அப்படித்தான். வெட்டாத மீனை ஐஸில் வைக்கலாம், இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். நண்டு, சிங்க இறால், பெரிய கணவாய் ஆகியவைதான் கையைக் கடிக்கும். குழு கேட்டதென்று முதல்நாள் மாலையே வியாபாரிக்குச் சொல்லி, காலையில் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்கியவை அவை. கறியாகிவிட்டால் அடுத்த மேசைக்கு அந்த விலைக்குப் போகாது. பிழிந்த தேங்காய்ப்பாலும் மறுநாளுக்கு நிற்காது. கூட்டத்துக்கென்று கூப்பிட்ட நாட்கூலி ஆளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ஆகவே நட்டத்தைத் தீர்மானிப்பது குறைந்த தலைகளின் எண்ணிக்கையைவிடச் செய்தி வந்து சேர்ந்த நேரமே. முதல்நாள் மாலை ஆறு மணிக்கு முன் “அண்ணா, இருபது பேர் எண்டு சொன்னம், இப்ப பதின்மூண்டு பேர்தான் வாறம்” என்று ஒரு கோல் வந்தால் நண்டின் கிலோவைக் குறைத்துவிடலாம். எவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. அதே செய்தி மறுநாள் பதினொரு மணிக்கு வந்தால் சட்டி ஏற்கெனவே அடுப்பில் இருக்கும்.

வெளிநாடுகள் இந்தச் சிக்கலைப் பல விதமாகக் கையாண்டிருக்கின்றன. அமெரிக்காவின் சிக்காகோவில் ‘நெக்ஸ்ட்’ என்ற உணவகம் 2011இல் திறந்தபோதே மேசையை நாடகச் சீட்டுப் போல முன்பணத்துக்கு விற்றது. வாங்கியவர் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், பணம் திரும்பாது. பிரித்தானியாவில் 2020 ஜூலையில், ஊரடங்கு தளர்ந்த சில வாரங்களிலேயே, லண்டன் உணவகம் ஒன்றில் ஒரே சனிக்கிழமை இரவு 27 பேர் சொல்லாமல் வராமல் விட்டதைச் சமையற்கலைஞர் டொம் கெரிட்ஜ் பகிரங்கமாகக் கண்டித்தார். யப்பானில் 2018 நவம்பரில், பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சின் பங்களிப்போடு ஓர் அறிக்கை வந்தது. சொல்லாமல் வராமல் விடுவதால் உணவகங்களுக்கு ஆண்டுக்கு 200 பில்லியன் யென் வரை நட்டம் என்று அது மதிப்பிட்டது. உணவு வகைகளை முன்கூட்டியே தீர்மானித்த முன்பதிவுக்கு முழுத்தொகையும் கேட்கலாம், மேசை மட்டும் பிடித்தவரிடம் சராசரிச் செலவின் ஒரு பங்கே கேட்கலாம் என்று அது பிரித்துக் காட்டியது.

யப்பானின் அந்தப் பிரிப்பைச் சங்கம் ஏற்கிறது, ஆனால் முழுத்தொகை கேட்பதை ஏற்கவில்லை. சிக்காகோ முறை இங்கே பொருந்தாது. அங்கே தனித்தனியாகச் சீட்டு வாங்குகிறார்கள். இங்கே ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருபது பேருக்காக வட்ஸ்அப்பில் வாக்குக் கொடுக்கிறார். வராத மருமகனின் பங்கையும் அவர்தான் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் காரணங்களால் சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பின்வரும் நடைமுறையை வைக்கிறது. பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவிடம் மட்டும் முற்பணம் வாங்கலாம். அது மதிப்பிட்ட தொகையில் காற்பங்கைத் தாண்டக் கூடாது. முதல்நாள் மாலை ஆறு மணி வரை எத்தனை பேர் குறைந்தாலும் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு குறைந்தால், சொல்லி வாங்கிய கடலுணவின் அடக்கவிலையைப் பற்றுச்சீட்டோடு காட்டிக் கேட்கலாம். சமைத்ததைப் பார்சலாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். நோய், மரணம், வீதி மூடல், வெள்ளம் ஆகியவற்றால் குறைந்தால் எந்த நேரத்திலும் எதுவும் கேட்கக் கூடாது. ஒரு சொல்லும் சொல்லாமல் குழு முழுவதும் வராமல் விட்டால் மட்டும் முற்பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். தலைக்கு 2,500 ரூபா வீதம் இருபது பேருக்கு 50,000 ரூபா, முற்பணம் 12,500. ஏழு பேர் குறைவதை முதல்நாளே சொன்னால் பதின்மூன்று பேரின் 32,500 ரூபாவில் முற்பணம் கழிந்து மீதி 20,000 கட்டினால் போதும். அன்று காலை சொன்னால், அந்த ஏழு பேருக்காக வாங்கிய நண்டின் அடக்கம் 6,000 என்று வைத்துக்கொண்டால், கட்ட வேண்டியது 26,000. நண்டுக் கறியும் அவர்களோடு போகும். தலைக்கணக்கில் முழுத்தொகையையும் அறவிட்டிருந்தால் அவர்கள் 37,500 கட்டியிருப்பார்கள். வராத ஏழு பேருக்கு மட்டும் 17,500. அடுத்த முறை அந்தக் குடும்பம் பாலையூற்றில் வேனை நிறுத்தாது.

உறுப்பினர்களில் சிலர் இதற்கு மறுப்புச் சொன்னார்கள். தண்டம் இல்லையென்றால் ஆட்கள் யோசிக்காமல் இருபத்தைந்து என்று சொல்லிவிட்டுப் பதினைந்து பேரோடு வருவார்கள், ஒரே நேரத்தில் மூன்று கடையில் சொல்லிவைப்பார்கள் என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலை பொய்யல்ல. அதற்கு மருந்தாகச் சங்கம் கண்டது, முதல்நாள் பிற்பகல் உணவகமே குழுவைக் கூப்பிட்டு எண்ணிக்கையை உறுதிப்படுத்துவது. இரண்டு நிமிடக் கோலில் முடியும் காரியத்துக்கு ஆயிரக்கணக்கில் தண்டம் வைப்பது விருந்தினரைப் பகைக்கும் வழி. சுற்றுலா வழிகாட்டியோ வேன் சாரதியோ முன்பதிவு செய்திருந்தால், குழுவில் ஒருவருடைய இலக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். குறைந்த செய்தி இடைநடுவில் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

விருந்தினருக்கும் ஒரு கடமை இருக்கிறது. எத்தனை பேர் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் குறைந்த எண்ணைச் சொல்லிவைத்து, பிறகு கூட்டலாம். குறைவது தெரிந்த உடனேயே சொல்ல வேண்டும்; வாசலில் வந்து இறங்கிய பிறகு சொல்வது அடுப்படியில் நிற்கும் பெண்களின் காலை உழைப்பை வீணாக்கும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விலையை வாடிக்கையாளர் காண வைக்கவும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் வியாபாரியைக் கட்டுப்படுத்துகிறது. முன்பதிவின் நிபந்தனைகளும் அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று சங்கம் கருதுகிறது. உறுப்பினர் கடைகள் மேற்சொன்ன நடைமுறையைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் காசு மேசைக்கு மேலே எழுதி ஒட்டுவதோடு, முற்பணம் வாங்கும்போது அதே வாசகத்தை விருந்தினரின் தொலைபேசிக்கும் அனுப்ப வேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, தன்னிடம் பதிவுபெறும் உணவகங்களுக்கான நிபந்தனைகளில் குழு குறைவது பற்றித் தெளிவான ஒரு விதியைச் சேர்க்க வேண்டும் என்றும், அதை வகுக்கும்போது கிழக்குக் கரையின் சிறு கடைக்காரரையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்றும் சங்கம் கோருகிறது.