ஒட்டுப் போட்ட பாலம்

எங்க ஊர் வாய்க்கால் பாலத்தைப் போன வருஷம் அகலப்படுத்தினாங்க. பழைய பாலம் என் தாத்தா காலத்தது. 10 அடி அகலம், மாட்டு வண்டிக்குப் போதும். அறுவடை மெஷின் வந்த பிறகு போதவில்லை. கேட்டுக் கேட்டு, ஒரு பக்கம் 5 அடிக்குப் புது காங்கிரீட் சிலாப் போட்டுக் கொடுத்தார்கள்.

இப்போ பழசும் புதுசும் சேருகிற இடத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு விரிசல். பைக் டயர் அதில் மாட்டி இழுக்குது. மழைத்தண்ணி அது வழியாக இறங்கி, பாலத்துக்கு அடியில் துருக்கறை தெரிகிறது.

பட்டணத்து நண்பர்களிடம் சொன்னால், "சிமெண்ட்டைக் குறைச்சிருப்பான்" என்கிறார்கள். வயலுக்குப் போகிற வழியில் தினமும் நின்று பார்த்தவன் நான். அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. தப்பு ஒட்டின இடத்தில்தான்.

மாங்கன்று ஒட்டுக் கட்டினவங்களுக்கு இது சட்டென்று புரியும். ரெண்டு தண்டையும் சீவி, பச்சையோடு பச்சை பட வேண்டும். சீவாமல் இறுக்கிக் கட்டினால் மட்டும் பிடிக்காது. காங்கிரீட்டும் அப்படித்தான். பழைய ஓரத்தை ஜல்லி தெரிகிற வரை கொத்தணும், தூசி போகக் கழுவணும். துளை போட்டு, எபாக்சி பசை வைத்து, கம்பியை இறக்கிப் பிடிக்க விடணும். எங்க பாலத்தில் பாசி படிந்த ஓரத்தை ஒட்டியே கலவையைக் கொட்டினார்கள்.

பழைய பாலம் அமுங்க வேண்டியதெல்லாம் எப்பவோ அமுங்கி முடிஞ்சாச்சு. புது காங்கிரீட் காயும்போது சுருங்கும். 20 அடி நீளம், 1 அடி கனம் உள்ள அந்த 5 அடி சிலாப் மட்டுமே சுமார் 7 டன். நம்ம களிமண்ணில் அதன் அஸ்திவாரம் கொஞ்சமாவது இறங்கும். அதனால் ஒன்று, கம்பி போட்டு ஒழுங்காகக் கட்டணும். இல்லையா, நடுவில் இடைவெளி விட்டு, தண்ணி இறங்காமல் அடைத்து, அதது தன் சுமையைத் தானே தாங்கும்படி விடணும். எங்களுக்குக் கிடைத்தது மேலே ஒரு சிமெண்ட் பூச்சு.

கான்ட்ராக்டரை மட்டும் திட்ட மனசு வரல. வாய்க்கால் காய்ந்திருப்பது கோடையில்தான். வேலை ஆரம்பித்ததே மே கடைசியில். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணி வந்துடும் என்ற அவசரம். காங்கிரீட் முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. இங்கே ஈரச் சாக்கு கிடந்தது நாலே நாள். அதோடு, ஊற்றின காங்கிரீட்டைக் கன மீட்டரில் அளந்து பணம் கொடுக்கலாம். உள்ளே கொத்தினானா இல்லையா என்பதை ஊற்றின பிறகு எவன் அளக்க முடியும்?

தை மாச அறுவடைக்கு வந்த லாரிக்காரர் கோட்டைப் பார்த்துட்டு அந்தக் கரையிலேயே நிறுத்திட்டார். மூட்டைகளை டிராக்டரில் கடத்தினோம். கூலி எங்க கைக்காசு.

புகார் சொன்னதுக்கு, "மேலே தார் போட்டுடலாம்" என்றார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் நான் எழுந்து கேட்கப் போறது இதுதான்: தார் வேண்டாம். அடுத்த கோடையில் அந்த ஒட்டை உடைத்துத் திரும்பப் போடுங்க. கலவை கொட்டுறதுக்கு முந்தின நாள், கொத்தின ஓரத்தை ஊர்க்காரங்களுக்குக் காட்டுங்க.