ஐந்து மணிக்கும் நிற்கிறவர்கள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



சென்ற வாரம் ஒரு சகோதரரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஏறத்தாழ ஓராண்டாக அவர் ஆராதனைக்கு வரவில்லை. துணைவியாரும் பிள்ளைகளும் தவறாமல் வருகிறார்கள். அவர் மட்டும் வருவதில்லை. உடல்நலக் குறைவோ, அல்லது என்மீது ஏதேனும் மனத்தாங்கலோ என்று எண்ணிக்கொண்டே போனேன். தேநீர் அருந்தியபின் அவரே பேச்சைத் தொடங்கினார். "பாஸ்டர், ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுக்கிறீர்கள் அல்லவா? ஒவ்வொரு வாரமும் என்னிடம், 'தம்பி, இப்போது எங்கே வேலை?' என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் பதில் தீர்ந்துபோய்விட்டது" என்றார்.

நான் பாசத்தோடு கேட்ட கேள்விதான் அது. நம் ஊரில் ஒருவரை நலம் விசாரிக்கும் முறையே அதுதானே. ஆயினும் அந்தக் கேள்வி ஒரு மனிதரைச் சபையின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது என்று அறிந்தபோது, வீடு திரும்பும் வழியெல்லாம் என் உள்ளம் கலங்கியது. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் யாரென்று தேட வேண்டாம். அவரைப் போன்றவர்கள் நம் நடுவே ஒருவர் இருவர் அல்லர்.

நம் பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றி வேலையில்லை என்று யாரேனும் சொன்னால் வெளியூரார் நம்பமாட்டார்கள். ஒருபுறம் ஸ்ரீபெரும்புதூர், மறுபுறம் ஒரகடம், இடையில் வல்லம் வடகால். நம் ஊரிலேயே சிப்காட் பூங்கா. விடியுமுன் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாய்ச் செல்கின்றன. இத்தனை ஆலைகளின் மதிற்சுவர்களுக்கு அருகில் வாழும் ஒருவர் ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு நிலையான வேலையின்றி இருக்கிறார் என்றால், "தேடினால் கிடைக்காதா?" என்பதே எல்லாருடைய முதல் எண்ணமும். என் முதல் எண்ணமும் அதுவாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நடந்தவற்றைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு நோக்கியாவின் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியபோது இந்த வட்டாரமே கொண்டாடியது. உச்சக்கட்டத்தில் அங்கே நேரடியாகவே எண்ணாயிரம் பேர் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பகுதியினர் பள்ளிப்படிப்பை முடித்து வந்த இளம்பெண்களும் இளைஞர்களும். 2014 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது, வரி வழக்கின் காரணமாக நம் ஊர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றுபோயிற்று. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினர். இருபத்தைந்து வயதுள்ள ஒருவருக்கு ஓய்வு. அதுவும் விருப்ப ஓய்வாம்! 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே பாக்ஸ்கானும் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் மறைமலை நகரில் ஃபோர்டு, 2021 செப்டம்பரில் அறிவித்தபடியே 2022 ஜூலையில் தன் கடைசி வண்டியை வெளியேற்றியது.

இதற்குப்பின் நடந்ததைத்தான் நாம் கவனிக்கத் தவறினோம். கட்டடங்கள் மீண்டும் உயிர்பெற்றன. நோக்கியா இருந்த வளாகத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. அங்கே கைப்பேசிக்கான சார்ஜர்கள் தயாராயின. பாக்ஸ்கான் ஐபோன்களோடு திரும்பி வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் அளவுக்குப் பெரிய விடுதி திறக்கப்பட்டது. அதில் தங்குவோர் பெரும்பாலும் இளம்பெண்கள். ஆலைகள் திரும்பின, அவற்றில் முன்பு வேலைசெய்த மனிதர்களோ திரும்ப அழைக்கப்படவில்லை. பேருந்து நிறுத்தத்துத் தூண்களில் ஒட்டப்படும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை அடுத்த முறை நின்று வாசியுங்கள். வயது 18 முதல் 28 வரை என்றிருக்கும். சிலவற்றில் 25 வரை. நம் சகோதரருக்கு வேலை போனபோது வயது 31. ஒன்பது ஆண்டு அனுபவம் இருந்தது. அந்த அனுபவமே அவருக்கு எதிராக நின்றது. "உங்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இரண்டு புதியவர்களை எடுத்துவிடலாம்" என்று ஓர் ஒப்பந்ததாரர் அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்.

அதன்பின் அவர் சும்மா இருந்தாரா? ஆறு மாதம் கிடங்கில் சுமை தூக்கினார், ஒப்பந்தம் முடிந்தது. வாடகைக்கு ஆட்டோ ஓட்டினார். மழைக்காலத்தில் அதுவும் நின்றது. மைத்துனரின் கடையில் உட்கார்ந்தார். இப்போது திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிறார். அதுவும் முகூர்த்த நாட்களில் மட்டும்.

அரசின் கணக்கில் இவர் வேலையில்லாதவர் அல்லர் என்பது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். நம் நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில், ஒருவர் ஓராண்டில் முப்பது நாட்கள் ஏதேனும் வேலை செய்திருந்தாலே துணைநிலையில் உழைப்பவராக எண்ணப்படும் முறை உண்டு. வாரக் கணக்கிலோ, ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். பன்னாட்டு அளவையின்படி ஓராண்டும் அதற்கு மேலும் வேலை தேடியும் கிடைக்காதிருப்பதே நீண்டகால வேலையின்மை. நம் சகோதரர் அந்தப் பட்டியலிலும் வரமாட்டார், பந்தி பரிமாறினாரே! கணக்கெடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கேனும் ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அந்தக் கோட்டை வாசித்துவிட்டு "இங்கே வேலையின்மை குறைவு" என்று நாம் ஆறுதல் கொள்வது மேய்ப்பனுக்கு அழகல்ல.

சகோதரிகளின் நிலை இன்னும் மறைவானது. ஆண் வேலையின்றி இருந்தால் தெருவுக்கே தெரியும். பெண் வேலையிழந்தால், "வீட்டில் இருக்கிறாள்" என்ற ஒரே சொல்லில் அது முடிந்துவிடுகிறது. தேடிச் சலித்துத் தேடுவதை நிறுத்திவிட்டால், வேலையில்லாதோர் எண்ணிக்கையிலிருந்தே அவர் விடுபட்டுப்போகவும் கூடும். 2024 ஜூன் மாதத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள பாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பணிகளுக்குத் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாகச் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. அந்த வழக்காட்டத்திற்குள் நான் நுழையவில்லை. நம் பெண்கள் ஐக்கியத்தில் அன்று அச்செய்தியை வாசித்தபோது, ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். தாலி இருக்கிறதா, கைக்குழந்தை உண்டா என்று ஆள்சேர்ப்பு முகவர்கள் கேட்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. கைப்பேசிப் பலகையில் கண்ணுக்குத் தெரியாத பிழையையும் கண்டுபிடிக்கக் கற்ற ஒரு சகோதரி, இன்று பூ கட்டி முழத்திற்கு இவ்வளவு என்று வாங்குகிறார்.

ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டிலே மரியென்தால் என்றொரு சிற்றூர். உலகப் பொருளாதாரம் சரிந்த நாட்களில் அங்கிருந்த ஒரே நெசவாலை மூடப்பட்டது. மரீ யாஹோடா என்னும் இளம்பெண்ணும் அவருடைய தோழர்களும் 1930களின் தொடக்கத்தில் அவ்வூருக்குச் சென்று மக்களின் வாழ்வை ஆராய்ந்து, 1933இல் நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்ட ஒன்று என்னை இன்றளவும் விட்டபாடில்லை. வேலையற்றோருக்கு நேரம் மிகுதியாயிற்றே, படிப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். நூலகக் கட்டணத்தையும் நீக்கிவிட்டார்கள். ஆனால் இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கை குறைந்தது! தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போவதற்குள் பலமுறை நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஏனெனில் வீட்டுவேலை அவர்களை விட்டுவிடவில்லை. ஊதியம் போனால் பணம் மட்டும் போவதில்லை. நாளின் உருவமே கலைந்துபோகிறது. நம் சகோதரர் ஞாயிற்றுக்கிழமையைக் கைவிட்டதும் அவ்விதமே என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நான் பின்வாங்குதல் என்று பெயரிட்டு ஜெபக்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

இன்னும் ஒரு குற்றத்தையும் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் மே தினத்தையொட்டி, தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். வேலை செய்யாதவனுக்கு உணவும் இல்லை என்ற பொருளில் உரத்த குரலில் பேசினேன், பலர் தலையசைத்தார்கள். பவுல் அங்கே கண்டிப்பது வேலை செய்ய மனமில்லாதவர்களை. மனமிருந்தும் வாய்ப்பில்லாதவர்களைக் குறித்து அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை நான் அன்று ஒரு வாக்கியத்திலேனும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்த எத்தனை பேர் அன்று தலைகுனிந்தார்களோ, நான் மேடையிலிருந்து பார்க்கவில்லை.

ஆண்டவர் சொன்ன உவமை ஒன்று உண்டு. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து எஜமான் விடியற்காலையிலும், பிறகு மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும் கடைத்தெருவுக்குப் போய் ஆட்களை அமர்த்துகிறான். பதினோராம் மணி வேளையில் மறுபடியும் போகிறான். நம் கணக்கில் மாலை ஐந்து மணி. அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். தங்களை ஒருவரும் அமர்த்தவில்லை என்கிறார்கள். நாம் வழக்கமாக இதைக் கிருபையைக் குறித்தும் இரட்சிப்பைக் குறித்தும் பிரசங்கித்து, சீக்கிரமாகக் கூலி கொடுக்கும் காட்சிக்குத் தாண்டிவிடுகிறோம். இம்முறை அந்தக் கடைத்தெருவிலேயே சிறிது நேரம் நில்லுங்கள். அவர்கள் சொன்ன பதிலை எஜமான் சோதித்துப் பார்க்கவில்லை. காலையில் எங்கே போயிருந்தீர்கள், எத்தனை இடத்தில் கேட்டீர்கள், ஏன் உங்களை மட்டும் விட்டார்கள் என்று குறுக்கு விசாரணை செய்யவில்லை. பதிலை நம்பினான், தோட்டத்திற்கு அனுப்பினான். மாலையில் அவர்களுக்கும் ஒரு நாட்கூலி கொடுத்தான். ஏனெனில் வீட்டில் உலை வைப்பவளுக்கு ஒரு மணி நேரக் கூலியால் என்ன செய்ய இயலும்?

ஐந்து மணிவரை வீட்டுக்குப் போகாமல் நின்றார்களே, அவர்களையா சோம்பேறிகள் என்போம்?

ஆகவே நம் சபையில் சிலவற்றை மாற்ற வேண்டும் என்பது என் துணிபு. சாட்சி வேளையில் வேலை கிடைத்தவர் எழுந்து நின்று கர்த்தரைத் துதிப்பது நல்லதே. ஆனால் எட்டு ஆண்டு ஜெபித்தும் கிடைக்காதவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் விசுவாசம் குறைவு என்ற முடிவுக்கு அவரைத் தள்ளும் விதத்தில் இனி யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். நானும் "விசுவாசித்தால் கதவு திறக்கும்" என்று எளிதாகச் சொல்லப்போவதில்லை.

நம் நடுவே ஆலைகளில் மேற்பார்வையாளராகவும், மனிதவளப் பிரிவிலும் பணிபுரிகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆள் அனுப்பும் ஒப்பந்தம் எடுத்தவர்களும் இருவர் இருக்கிறீர்கள். வயது வரம்பு மேலிடத்துக் கட்டளை என்பீர்கள், பெரும்பாலும் உண்மையே. எனினும் உங்கள் கையளவில் உள்ள பணியிடங்கள் சிலவும் உண்டு. அவற்றில் நாற்பது வயதுக்காரரின் விண்ணப்பத்தை ஒருமுறையேனும் பிரித்துப் பாருங்கள் என்று கேட்பது அதிகமா? விடுதி கட்டியும் வீட்டை வாடகைக்கு விட்டும் இந்த ஆலைகளால் செழித்தவர்களும் நம்மில் பலர். காணிக்கைப் பையில் அந்தச் செழிப்பு தெரிகிறது. அதன் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் அந்நியர் அல்லர்.

இந்த மனக்கசப்பை ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள்மீது திருப்பும் பேச்சும் அவ்வப்போது என் காதில் விழுகிறது. அவர்களும் குறைந்த கூலிக்கு நாளை துரத்தப்படக்கூடியவர்களே. ரூத் அந்நிய தேசத்தாள் என்பதை மட்டும் நினைவூட்டி இதை விடுகிறேன்.

அரசு உதவிகளைப் பற்றியும் ஒன்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை வழங்குகிறது. பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான் என்பதை எண்ணினால் வருத்தமாயிருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்கள் வேலையிழந்தால் சராசரி ஊதியத்தில் ஒரு பங்கைத் தொண்ணூறு நாட்கள்வரை பெறும் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டது. ஆலை மூடலாலும் ஆட்குறைப்பாலும் வேலையிழந்தோருக்கென அதற்கு முன்பே 2005இல் வேறொரு திட்டம் வந்தது. நிபந்தனைகள் பல. நம்மில் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதேயில்லை. கேள்விப்படும்போது விண்ணப்பிக்கும் காலம் கடந்துவிடுகிறது. பழைய பி.எஃப். பணம் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று அறியாதவர்களும் உண்டு.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆலய மண்டபத்தைத் திறந்து வைப்போம். பிரசங்கம் இராது, காணிக்கையும் எடுக்கப்படாது. வாலிபர் ஐக்கியத்தார் இருவர் கணினியோடு அமர்ந்திருப்பார்கள். ஆதார் அட்டை, பழைய சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எண்கள் எவை கையில் உண்டோ அவற்றைக் கொண்டுவாருங்கள். சகோதரிகளே, "நான் வேலை தேடுகிறவள் அல்ல" என்று ஒதுங்கவேண்டாம், நீங்களும் வாருங்கள். கொண்டுவர ஒன்றுமில்லாதவர்களும் வரலாம், தேநீர் இருக்கும்.

நான் சந்தித்த சகோதரரையும் அழைத்திருக்கிறேன். "பார்க்கலாம், பாஸ்டர்" என்றார். அவர் வந்தாலும் வராவிட்டாலும், அன்று மண்டபத்திற்குள் நுழைகிற எவரிடமும் இப்போது எங்கே வேலை என்று ஒருவரும் கேட்க வேண்டாம். நானும் கேட்கமாட்டேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்